குறி தவறாத குண்டும் தவறிய நாட்டமும்

சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின்னர் நடந்த பாடத்தில், ஹிதாயா நூலின் கொலைக் குற்றங்கள் பற்றிய அதிகாரத்தை ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். வேண்டுமென்றே செய்த கொலை, அதனை ஒத்த கொலை, தவறுதலான கொலை என உயிர் பறிக்கப்படும் வகைகளைச் சட்டமேதைகள் பிரித்துரைக்கும் பகுதி அது. தவறுதல் என்பதையும் இமாம் மர்கீனானி (ரஹ்) இரண்டாக வகுக்கிறார்கள். ஒருவன் இலக்கை நோக்கி அம்பெய்கிறான். அம்பு விலகிச் சென்று ஒரு மனிதனைக் கொன்றுவிடுகிறது. இது செயலில் நேர்ந்த தவறு. இன்னொருவன் தொலைவில் தெரியும் உருவத்தை வேட்டைப் பிராணி என்று எண்ணி எய்கிறான், அம்பு நினைத்த இடத்திலேயே பாய்கிறது, வீழ்ந்ததோ மனிதன். இது நாட்டத்தில் நேர்ந்த தவறு. முன்னதில் கை பிழைத்தது. பின்னதில் கருத்துப் பிழைத்தது.

அப்போது மாணவர் ஒருவர் தலை நிமிர்ந்து, “ஹஜ்ரத், இக்காலத்து விமானக் குண்டுகள் குறி தவறுவதே இல்லை என்கிறார்களே! அவற்றால் அப்பாவிகள் மடிந்தால் அதனை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது?” என்று கேட்டார். நாளை விடை தருவதாகச் சொல்லி நூலை மூடினோம். அந்த நாளை வருவதற்கு ஒரு மாதமாயிற்று. ஹிஜ்ரி 593இல் (1197) மறைந்த ஒரு பேரறிஞரின் எழுத்து, ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானங்களின் காலத்துக்கு என்ன சொல்லும் என்று நாமும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிந்தனையை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறிபார்த்து விழும் குண்டு நேற்றுப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர் வானொலி அலைகளால் திசை திருப்பக்கூடிய குண்டைச் செய்தனர். 1943 செப்டம்பர் 9இல் அத்தகைய குண்டுகள் இத்தாலியின் ‘ரோமா’ என்னும் போர்க்கப்பலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு கடலில் ஆழ்த்தின. ஆயினும் அப்போரில் வானிலிருந்து விழுந்த குண்டுகளில் மிகப் பெரும்பாலானவை குருட்டுக் குண்டுகளே. ஓர் ஆலையைத் தகர்க்க ஒரு நகரத்தையே எரித்தார்கள். 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோ நகரில் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தீக்கிரையாயினர்.

வியத்நாம் போர்க்காலத்தில்தான் லேசர் ஒளியால் வழிநடத்தப்படும் குண்டு களத்துக்கு வந்தது. அதன் இயக்கத்தை எளிதாக விளக்கலாம். விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் இலக்கின்மீது கண்ணுக்குப் புலனாகாத லேசர்க் கதிரைப் பாய்ச்சுகிறார். அங்கே பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குண்டின் மூக்கில் உள்ள கருவி உணர்கிறது. சிறகுகளை அசைத்து அவ்வொளியை நோக்கியே குண்டைச் செலுத்துகிறது. வடவியத்நாமின் தான்ஹோவா பாலத்தை 1965 முதல் அமெரிக்க விமானங்கள் பலநூறு முறை தாக்கின. விமானங்களை இழந்தார்களே தவிரப் பாலத்தை வீழ்த்த முடியவில்லை. 1972 மே 13இல் லேசர்க் குண்டுகள் அதனை முறித்துப் போட்டன. பின்னர் 1990களில் செயற்கைக்கோள்களின் துணையால் தன் இடமறிந்து செல்லும் குண்டுகள் வந்தன. பழைய சாதாரணக் குண்டுக்கே ஒரு வாலும் அதனுள் ஒரு கருவியும் பொருத்தி, போய்ச்சேர வேண்டிய இடத்தின் எண்களை ஊட்டிவிட்டால் போதும். மேகமோ புகையோ இருளோ அதற்குத் தடையில்லை.

இதில் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஒரு பாலத்துக்காக ஊரையே எரித்த காலத்தோடு ஒப்பிட்டால், ஒரு பாலத்துக்கு ஒரு குண்டு என்பது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். போர் நேர்ந்தே தீரும் என்றால், குருட்டுக் குண்டைவிடக் கண்ணுள்ள குண்டு மேல் என்றுதான் எவரும் சொல்வர்.

ஆயினும் அந்தக் கண்ணுக்கும் அளவுண்டு. இக்குண்டுகளின் துல்லியத்தை ஒரு வட்டத்தால் அளக்கிறார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டும் குண்டு ஒன்றுக்குப் பிழைவட்டம் 13 மீட்டர் என்று சொன்னால், எறியப்பட்ட குண்டுகளில் பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்பது பொருள். மறுபாதி வட்டத்துக்கு வெளியே விழும் என்பதும் அதே கணக்கின் பொருளேயாம். அன்றியும், குண்டு விழும் புள்ளி எவ்வளவு சிறிதாயினும் அது வெடித்துச் சிதறும் பரப்பு சிறிதாகிவிடுவதில்லை. 2,000 பவுண்டு எடையுள்ள குண்டின் இரும்புச் சிதறல்கள் பலநூறு மீட்டர் தூரம் பாயும். ஆகவே செயலில் நேரும் தவறு அறவே ஒழிந்துவிடவில்லை, மிகவும் குறைந்திருக்கிறது. அவ்வளவே. நம் கேள்வியோ மற்றத் தவறைப் பற்றியது.

1999ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவின்மீது நேட்டோ நாடுகள் வான்போர் நடத்தின. மே 7ஆம் நாள் இரவு, அமெரிக்க விமானம் ஒன்று எறிந்த ஐந்து செயற்கைக்கோள் குண்டுகள் பெல்கிரேடு நகரில் ஒரு கட்டடத்தைத் தாக்கின. குண்டுகள் சொன்ன இடத்துக்கே சென்றன. ஆனால் அக்கட்டடம் சீன நாட்டின் தூதரகம். சீனச் செய்தியாளர் மூவர் மாண்டனர். தாக்க நினைத்தது அங்கிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் இருந்த இராணுவக் கொள்முதல் அலுவலகத்தையாம். முகவரியை வைத்து இடத்தைக் கணித்த முறை தவறானது என்றும், கையிலிருந்த வரைபடங்களில் தூதரகத்தின் புதிய இடம் குறிக்கப்படவில்லை என்றும் அமெரிக்க உளவுத்துறைத் தலைவரே பின்னர் நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினார். சீன அரசு அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், குண்டுக்குக் கண்ணிருந்தது. முகவரி எழுதிய விரலுக்குக் கண்ணில்லை என்றே ஆகிறது.

அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர் பாக்தாதில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1991 பிப்ரவரி 13ஆம் நாள் விடியற்காலையில், ஆமிரிய்யா என்னும் பகுதியில் இருந்த கான்கிரீட் காப்பிடத்தின்மீது 2,000 பவுண்டு லேசர்க் குண்டுகள் இரண்டு விழுந்தன. முதற்குண்டு தடித்த கூரையைத் துளைத்து உள்ளே வெடித்தது. சில நிமிடங்களில் இரண்டாவது குண்டு, முதற்குண்டு திறந்த வழியிலேயே இறங்கியது. இதனினும் துல்லியத்தை எந்தப் போர்வீரனும் கேட்க முடியாது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்டை வீடுகளிலிருந்து இரவுதோறும் தஞ்சம் புகுந்த குடும்பத்தார். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 400க்கும் மேற்பட்டோர் வெந்து மடிந்தனர். அது இராணுவக் கட்டளையிடம் என்றே தாங்கள் நம்பியதாக அமெரிக்கத் தரப்பு கூறியது. ஆனால் ஈரான் - ஈராக் போரின்போது அது பொதுமக்களின் காப்பிடமாக இருந்தது தங்களுக்குத் தெரியும் என்பதை அத்தரப்பே ஒப்புக்கொண்டது. தெரிந்திருந்தும், இப்பொழுது உள்ளே யார் என்று உறுதிசெய்யாமல் எய்தார்கள். இருளில் அசைந்த உருவத்தை விலங்கென்று கருதிய வேடனுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை? வேடனுக்கு அந்த உருவத்தைப் பற்றி முன்னறிவு ஏதுமில்லை. இவர்களுக்கு இருந்தது.

இவையெல்லாம் மேலைநாட்டார் செய்கை என்று நாம் மூச்சுவிட்டுக்கொள்ள வழியில்லை. 2016 அக்டோபர் 8ஆம் நாள், எமன் நாட்டின் ஸன்ஆ நகரில் ஒரு மையித்துக்காகத் துக்கம் விசாரிக்கக் கூடியிருந்த மண்டபத்தின்மீது சவூதி அரேபியாவின் தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் குண்டு போட்டன. குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர். அது அமெரிக்காவில் செய்யப்பட்ட லேசர்க் குண்டு என்பதை அங்கே கிடைத்த சிதறல்கள் காட்டின. அம்மண்டபத்தில் எதிரித் தலைவர்கள் ஆயுதத்துடன் கூடியிருப்பதாக எமன் இராணுவத் தரப்பிலிருந்து வந்த பிழையான செய்தியை நம்பித் தாக்கியதாகக் கூட்டணியின் விசாரணைக் குழுவே அறிவித்தது. எறிந்தவர்களும் முஸ்லிம்கள், எரிந்தவர்களும் முஸ்லிம்கள், கூடியிருந்ததோ மரணத்தின் வீட்டில். ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அங்கே ‘தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்’ என்ற பொருளுடைய சொல்லைச் சில காரிகள் ‘உறுதிசெய்யும்வரை நிதானியுங்கள்’ என்ற பொருளுடைய சொல்லாகவும் ஓதுவர். இரண்டு ஓதலும் ஒரே பாடத்தைத்தான் நமக்குச் சொல்கின்றன. அந்தப் பாடத்தை ஓதி வளர்ந்தவர்களிடமும் அன்று தெளிவும் இல்லை, நிதானமும் இல்லை.

நான்காவது நிகழ்ச்சி நம் சிந்தனையை இன்னும் ஆழமான நீருக்கு இழுத்துச் செல்கிறது. 2017 மார்ச் 17இல் ஈராக்கின் மோசுல் நகரில், ஜதீதா என்னும் பகுதியில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் ஐ.எஸ். இயக்கத்தின் குறிச்சூட்டு வீரர்கள் இருவர் இருந்தனர். அவர்களைக் கொல்ல 500 பவுண்டு எடையுள்ள வழிகாட்டிக் குண்டு ஒன்று எறியப்பட்டது. இங்கே முகவரி தவறவில்லை; இலக்கும் தவறவில்லை. அவ்விருவரும் அங்கே இருந்தது மெய். ஆனால் கீழே நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் ஒளிந்திருந்தனர். கட்டடம் இடிந்து 105 பேர் இறந்ததாக அமெரிக்க இராணுவ விசாரணையே கூறியது. அந்த வீட்டில் எதிரிகள் வெடிமருந்து வைத்திருந்ததே பேரழிவுக்குக் காரணம் என்றும், உள்ளே மக்கள் இருந்தது தங்களுக்குத் தெரியாது என்றும் அவ்விசாரணை சொல்லிற்று. வெடிமருந்து இருந்ததாகத் தாங்கள் அறியவில்லை என்று அப்பகுதியார் மறுத்தனர். மக்களிடையே புகுந்துகொண்டு போரிட்ட இயக்கத்தாரின் பாவம் சிறிதன்று. அதனை எவரும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கேள்வி எஞ்சுகிறது: இருவரைக் கொல்வதற்கு ஒரு வீட்டையே இடிக்கலாமா, உள்ளே யார் என்று அறியாத நிலையில்?

இக்கேள்வி நம் முன்னோருக்குப் புதிதன்று. கவண்பொறியால் கோட்டைகளின்மீது கல்லெறிந்த காலத்திலேயே அவர்கள் இதனை விவாதித்தார்கள். பகைவர் முஸ்லிம் குழந்தைகளைக் கேடயமாக முன்னிறுத்திக்கொண்டால் எறியலாமா என்பது வினா. ஹிஜ்ரி 157இல் (774) மறைந்த ஷாம் தேசத்து இமாம் அவ்ஸாஈ (ரஹ்), கையைத் தடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மக்காவில் அறியப்படாத முஃமின்கள் இருந்ததன் காரணமாக அங்கே போர் தடுக்கப்பட்டதை அல்ஃபத்ஹ் அத்தியாயத்திலிருந்து அவர்கள் சான்று காட்டினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அதனை மறுத்தார்கள். பெண்டிரும் குழந்தைகளும் இல்லாத கோட்டை ஏது? அவர்கள் பொருட்டு நின்றுவிட்டால் எந்தக் கோட்டையையும் முற்றுகையிட முடியாதே என்பது அவர்களின் வாதம். பகைவரையே நாடி எறிய வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம். பின்னர் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது அல்முஸ்தஸ்ஃபாவில் மூன்று நிபந்தனைகளை விதித்தார்கள். வேறு வழியே இல்லாத நெருக்கடியாக இருக்க வேண்டும். பயன் உறுதியானதாக இருக்க வேண்டும். காக்கப்படுவது சமுதாயம் முழுவதுமாக இருக்க வேண்டும். ஒரு கோட்டையைப் பிடிப்பதற்காக மட்டும் கேடயமாக நிற்கும் அப்பாவியைக் கொல்லலாகாது என்பதையும் அவர்களே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஒரு கோட்டைக்கே இல்லாத அனுமதி, மேல்தளத்தில் நின்ற இருவருக்காக எங்கிருந்து வரும்?

அந்த இமாம்கள் முஸ்லிம்களின் உயிரைப் பற்றியே அங்கே பேசினார்கள் என்று ஒருவர் சொல்லலாம். மெய்தான். எனினும் பகைவரின் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லலாகாதென்று பெருமானார் (ஸல்) தடுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு, பெல்கிரேடில் இறந்த சீனச் செய்தியாளரின் உயிரும் மோசுலில் இறந்த பிள்ளையின் உயிரும் எடைபோடும் தராசு வேறாக இருக்க முடியாது. 1977ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்களுக்குச் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையும் இதனையே சட்டமொழியில் சொல்லிற்று: தாக்கும் முன்னர் இலக்கு எதுவென்று இயன்ற அளவு முழுவதும் உறுதிசெய்துகொள்ள வேண்டும், கிடைக்கும் போர்ப்பயனை மிஞ்சிய இழப்பு குடிமக்களுக்கு நேருமெனில் தாக்கலாகாது. வள்ளுவர் பெருமானும் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். உலகத்து அறிவெல்லாம் ஒருமுகமாக வற்புறுத்துவது, கையை ஓங்குமுன் அறிந்துகொள் என்பதைத்தான்.

இனி ஹிதாயா நூலுக்கே திரும்புவோம். தவறுதலாகக் கொன்றவனுக்குக் கொலைப்பாவம் இல்லை என்று சொன்ன கையோடு, அவன் பாவமே இல்லாதவன் ஆகிவிடமாட்டான் என்றும் விளக்கம் தரப்படுகிறது. எய்யும் வேளையில் உறுதிசெய்துகொள்வதில் முழு முயற்சி எடுக்காமல் விட்டது ஒரு பாவம். அதனால்தான் அவன்மீது கஃப்ஃபாரா கடமையாக்கப்பட்டது என்பது அவ்விளக்கம். நம் மாணவரின் கேள்விக்கு விடை இந்த இடத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. கை பிழைக்கக்கூடிய காலத்தில், ‘அம்பு விலகிவிட்டது’ என்று ஒருவன் உண்மையாகவே சொல்ல முடிந்தது. காற்றின்மீதும் வில்லின்மீதும் பழியில் ஒரு பங்கைப் போட முடிந்தது. குறி தவறாத கருவி வந்தபின் அந்தப் பங்கு முழுவதும் கருதியவனின் தலையிலேயே வந்து விழுகிறது. கருவியின் துல்லியம் ஏற ஏற, விசாரிக்கும் கடமையும் ஏறுகிறது. ஆனால் உலகில் நடப்பதோ இதன் தலைகீழ். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. இன்று எய்தவனே அம்பைப் புகழ்ந்து பேசித் தப்பிக்கொள்கிறான். ‘எங்கள் குண்டு மிகத் துல்லியமானது’ என்பதையே தன் நிரபராதத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறான். அந்தச் சாட்சி அவனுக்கு எதிராக அல்லவா பேசுகிறது!

இந்த வேளையில் உஸாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. போர்க்களத்தில் அவர்களுடைய ஆயுதத்தின்முன் அகப்பட்ட ஒருவர் கலிமாவை மொழிந்தார். உயிருக்கு அஞ்சிச் சொல்கிறார் என்று கருதி உஸாமா (ரலி) அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆயுதம் குறி தவறவில்லை. ஆனால் பெருமானார் (ஸல்) அவரது நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் கருத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைய தினம்தான் தாம் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கலாகாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்கு அக்கேள்வி அவர்களை வாட்டிற்று.

தவறுதலுக்கு மார்க்கம் விதித்த மற்றொரு கடமை தியத் என்னும் உயிரீட்டுத் தொகை. பெல்கிரேடில் இறந்தவர் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் 45 இலட்சம் டாலர் கொடுக்க அமெரிக்கா 1999இலேயே இசைந்தது. ஆமிரிய்யாவில் தம் உறவினரைப் பறிகொடுத்த ஏழு குடும்பத்தார் 2003இல் பெல்ஜியம் நாட்டு நீதிமன்றத்தில், போரை நடத்திய அமெரிக்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டே வழக்குத் தள்ளுபடியாயிற்று. வலிய நாட்டின் உயிருக்கு விலை உண்டு. வலியற்ற நாட்டின் உயிருக்கு வழக்கும் இல்லை. தவறு என்று வாயால் சொல்வதும் அதன் கடனைத் தீர்ப்பதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு மாதம் கழித்து இவற்றையெல்லாம் பாடத்தில் எடுத்துச் சொன்னோம். அந்த மாணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்: “ஹஜ்ரத், அப்படியானால் அந்தக் கஃப்ஃபாராவின் இரண்டு மாத நோன்பை யார் நோற்பது? செய்தி சொன்னவரா, இடத்தைக் குறித்தவரா, கட்டளையிட்டவரா, பொத்தானை அழுத்தியவரா?”

இக்காலத்துப் போரின் பெரிய சூது இதுவே. ஒரு கொலையைப் பத்துப் பேரின் கைகளில் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் உள்ள துண்டு மிகச் சிறிதாதலால் அதில் இரத்தம் தெரிவதில்லை. மார்க்கச் சட்டம் இந்தக் கணக்கை ஒப்பவில்லை. முன்னொரு காலத்தில் அதே ஸன்ஆ நகரில் பலர் சேர்ந்து ஒருவரைக் கொன்றபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூடிச் செய்த அனைவரையும் குற்றவாளிகளாகவே தண்டித்தார்கள். தவறுதலாகப் பலர் சேர்ந்து ஓருயிரைப் போக்கினால், தியத் பங்கிடப்படும். கஃப்ஃபாராவோ ஒவ்வொருவர்மீதும் முழுமையாக விழும் என்பதே பெரும்பாலான சட்டமேதைகளின் முடிவு. “எல்லாரும் நோற்க வேண்டும், தம்பி. உறுதியில்லாத செய்தியை முதலில் வாய்விட்டுச் சொன்னவரும் அல்லாஹ்வின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும்” என்றோம்.

அவர் குனிந்து தம் நூலின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். நாம் அடுத்த வரியை ஓதத் தொடங்கினோம்.